எதிர்வீட்டு வாசலில் மலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு மலை வரும். யார் வீட்டு ஜீப் அதற்குப் பிடித்திருக்கிறதோ, அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்து அதன்மேல் ஏறி இறங்குவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மலை கிளம்பிவிடும். பால்காரர் அன்று மட்டும் பின்தெரு வழியாக வருவார்.

எங்கள் தெருவில் ஜீப் வைத்திருப்பது நானும் எதிர்வீட்டு ஜக்கையனும்தான். மலை எப்போதும் ஜக்கையன் வாசலில்தான் நிற்கும். ஒரு தடவைகூட என் வீட்டுப் பக்கம் முகம் திருப்பியதில்லை.

அவன் ஜீப்பின் லட்சணத்தைச் சொல்லவேண்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஏற்றித் தேய்ந்துபோன வண்டி. முன் பம்பரைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். கதவு ஒன்று பச்சை, இன்னொன்று இல்லவே இல்லை.

என்னுடையது அப்படியா? வீட்டுக் கொட்டகையிலேயே வெல்டிங் மெஷின் வைத்து, நானே பார்த்துப் பார்த்துச் செய்தது. லாரிப் பட்டறையில் வாங்கிய ஸ்பிரிங் பட்டைகளைச் செருகி வண்டியை ஒரு முழம் தூக்கினேன். பெரிய டயர் மாட்டினேன். ஆற்றில் இறங்கினாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாதபடி, அது மூச்சிழுக்கும் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனேன். கூரையில் விளக்குகளை வரிசையாகப் பூட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் பளபளவென்று கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, சாம்பிராணி காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மலை வந்து கயிறு கட்டிய பம்பரின் முன்னால் நிற்கும். எனக்கு வயிறு எரியும்.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். என் மனைவி லோகமணி அவன் ஜீப்பில் மலையேறப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. “வாங்க மதினி” என்று அவன் ஒரு வார்த்தை கூப்பிட்டான். இவள் ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் மனைவி பிள்ளைகள் எல்லோரும் பின்னால் உட்கார, இவளுக்கு முன் சீட்டு.

திரும்பி வந்து, “உச்சியில இருந்து நம்ம மொட்டைமாடி தெரியுதுங்க” என்றாள். “தண்ணித் தொட்டி மூடி தெறந்து கெடக்கு.”

நான் மேலே போய் மூடியைச் சாத்தினேன். லோகமணி ஒரு தடவை என் ஜீப்பில் அந்த உச்சிக்குப் போகவேண்டும். எனக்கு அது போதும்.

வெட்கத்தை விட்டு ஜக்கையனிடமே கேட்டேன். “உன் வண்டியில அப்படி என்னத்தப்பா கண்டுச்சு அது?”

“நான் ஒண்ணும் செய்யலண்ணே” என்றான். “வண்டியக் கழுவுறதில்ல, அம்புட்டுத்தான். டயர்ல அப்பியிருக்கிற மண்ணு அதோடதுதான? அதப் பாக்க வருது.”

 இத்தனை வெள்ளிக்கிழமையும் பாழ்.

மலை திரும்பிப் போகும்போது தெருவெல்லாம் மண் உதிர்ந்து கிடக்கும். அதைக் கூட்டி அள்ளிவந்து, குழைத்து, கொத்தனார் கரண்டியால் ஜீப்பில் பூச ஆரம்பித்தேன். மண்ணின் பாரத்தில் வண்டி அமுங்கியது. இன்னும் இரண்டு பட்டை செருகித் தூக்கினேன். தூக்கிய இடத்துக்கு மண் போதவில்லை. மறுபடி பூசினேன். மறுபடி அமுங்கியது. கொட்டகைக் கூரை இடித்தது, அதைப் பிரித்துவிட்டேன். பானெட்டில் புல் முளைத்தது. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் கன்றாகி நின்றது. கறிக்கடைக்காரரின் ஆடுகள் பின்பக்கமாக ஏறி மேய்ந்தன. எதிர்வீட்டு மலை வாரத்துக்கு வாரம் இளைத்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்து, புதுச்சட்டை போட்டு, லோகமணிக்காக முன் சீட்டைத் துடைக்கப் போனேன். ஜீப் கொட்டகையில் இல்லை. சாவி என் பையில்தான் இருந்தது. வாசலுக்கு வந்தேன். ஜக்கையன் வீட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைந்தன.

ஜக்கையன் பல்குச்சியோடு வெளியே வந்தான். “அண்ணே, இன்னைக்கு உங்க மலையா?”

“ஆமா.”

“ஏறலாமாண்ணே?”

“ஏறு. இடப்பக்கம் பட்டை புதுசு. பாத்துப் போ.”

லோகமணி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். “நீங்களும் வாங்களேன்” என்றாள். வேலை இருக்கிறது என்றேன். நான் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் அவன் வாசலில் நின்றது. அதன்மேல் அவன் கயிறு கட்டிய பம்பர் ஆடி ஆடி ஏறியது. ஊரில் உள்ள அத்தனை பொறாமையையும் ஒரே ஆள் பட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

பழைய மலை சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. மண்ணெல்லாம் போய் வெறும் பாறையாக இருந்தது. தன் இடத்தில் வேறொன்று நிற்பதைப் பார்த்தது. பிறகு என் வீட்டுப் பக்கம் திரும்பி, வாசலில் வந்து நின்றது.

“என்கிட்ட இப்ப வண்டி இல்லையே” என்றேன்.

அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெதுவாக ரிவர்ஸில் போய், சுவரில் உரசாமல், கூரையில்லாத கொட்டகைக்குள் நின்றுகொண்டது. நான் சக்கரம் வரவேண்டிய இடத்தில் கல்லை முட்டுக் கொடுத்தேன். ஜாக்கியை எடுத்து வந்தேன்.

எதிரே பாதி ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. ஜக்கையன் தலையை வெளியே நீட்டி, வெகுநேரம் என் கொட்டகையையே பார்த்தான்.

“அது என்ன வண்டிண்ணே?” என்றான். குரல் நன்றாக இல்லை.

நான் ஜாக்கியை மலைக்கு அடியில் வைத்தேன்.

“என்னங்க” என்று லோகமணி அங்கிருந்தே கத்தினாள். “முன் சீட்டு எனக்கு!”

சரி என்று கையை ஆட்டிவிட்டு, ஸ்பானரோடு மலைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் நன்றாகவே இருந்தது. டயர் மட்டும்தான் வாங்கவேண்டும்.