இர்மியின் வண்டியில் வேற்று வாசம்

என் மனைவி இர்மியின் வண்டிக்கு இருபது வயது. அதன் என்ஜினை என்னைத் தவிர எவனும் தொட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் இந்த எபர். வீட்டை ஒட்டியே என் பட்டறை. மெக்கானிக்கின் பெண்டாட்டி வண்டியை அடுத்தவன் பட்டறைக்குக் கொண்டுபோனால், எந்த முகத்தோடு மதுக்கடை மேஜையில் போய் உட்கார்வது?

இந்த வசந்தத்தில் அது உதற ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் வந்தவன்போல ஸ்டியரிங் வரை நடுக்கம். காற்றை அளக்கும் சென்சாரை மாற்றினேன். புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். பிளக்குகளையும் விடவில்லை. உதறல் போகவில்லை. இர்மி தினமும் அந்த உதறலோடேயே வேலைக்குப் போய்வந்தாள், அதுதான் எனக்கு உறுத்தியது. ஈஸ்டர் முடிந்ததும் உல்ம் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தாள். வந்த வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. புது சென்சார்களோடு என்ஜின் பழகிவிட்டது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

இரண்டே நாள். மறுபடி கோளாறு. இந்த முறை உதறல் வேறு மாதிரி, என்ஜின் தானாக உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது. எங்கோ களவாய்க் காற்று நுழைகிறது. பிரேக் துடைக்கும் திரவத்தைக் குழாய்களின்மேல் பீய்ச்சிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் சட்டென்று உறுமல் மாறியது. ரப்பர் குழாயில் நான்கு ஓட்டைகள். பல் பதிந்த ஓட்டைகள்.

எங்கள் விறகுக் கொட்டகைக் கூரையில் ஓர் ஆண் மரநாய் குடியிருக்கிறது. ஆறு வருடமாக இர்மியின் என்ஜின் சூட்டில்தான் அதற்கு ராத்தங்கல். ஒரு ஒயரைக்கூடக் கடித்ததில்லை. தன் வீட்டை எவனாவது கடிப்பானா? இந்தப் பக்கத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மரநாய் பசிக்குக் கடிப்பதில்லை. தன் வண்டியில் இன்னொரு ஆண் மரநாய் படுத்த வாசம் வந்தால்தான் அதற்கு வெறி பிடிக்கும்.

அப்படியானால் வண்டி ஓர் இரவு வேறெங்கோ நின்றிருக்கிறது. தங்கை வீட்டில் இல்லை. அங்கே வண்டி நிறுத்துவது பூட்டிய நிலவறையில், எலிகூட நுழையாது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது வெண்டெலின்தான். ஊரின் அந்தக் கோடியில் பட்டறை போட்டிருப்பவன். கொட்டகையில் மரநாய்த் தொல்லை என்று வண்டிகளுக்கு அடியில் கோழிவலை விரித்து வைப்பவன். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய திருவிழா வியாழனன்று, பெண்கள் கத்தரிக்கோலோடு ஆண்களைத் துரத்தி டையை வெட்டுகிற நாளில், இர்மி வெட்டியது அவன் டையைத்தான். என் டையை அல்ல. அந்தப் பாதி டையை அவன் இன்றும் பட்டறைச் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறான். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பற்றி எரிந்தது.

சனிக்கிழமை தெருக் கூட்டும் முறை எங்களுடையது. இர்மி துடைப்பத்தோடு நின்றாள்.

"உல்முக்கு எதுல போன?"

"டிரெயின்ல." கை நிற்கவில்லை.

"வண்டி?"

"வெண்டெலின் கொட்டகையில நின்னுச்சு."

"அந்த டை இன்னும் தொங்குதா?"

சிரித்துவிட்டாள். "அட லூசு. அதை வெட்டி முப்பது வருசமாச்சு. அவன் பொண்டாட்டிதான் வாராவாரம் தூசி தட்டுறா."

"பின்ன எதுக்குப் போன?"

"பட்டறைக்கு எதுக்குப் போவாங்க?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீ மாத்தினதையே மாத்திக்கிட்டு இருந்த. நான் வேலைக்குப் போக வேணாமா? அவன் என்ஜினைச் சூடாக்கிட்டு கம்ப்யூட்டர்ல பாத்தான். சூட்டை அளக்குற சென்சார், இருபது டிகிரிதான்னு புளுகிட்டு இருந்துச்சு. அதை நம்பி வண்டி பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கு. பத்து நிமிஷ வேலை, எபர். உன் மனசு நோகுமேன்னுதான் சொல்லல."

அவனோடு படுத்துவிட்டு வந்திருந்தால்கூட நான் இரண்டு குவளையை வீசி உடைத்திருப்பேன், ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். பத்து நிமிஷம் என்கிறாளே, இதற்கு எதை வீசுவது?

உள்ளே போய் ரப்பர் குழாயை மாற்றினேன். என்ஜின் அடங்கி அழகாக நின்றது. குனிந்து பார்த்தால், அடியில் பித்தளை மினுங்க அவன் போட்ட சென்சார். இத்தனை அழகும் அவன் புண்ணியம். இனி ஒவ்வொரு காலையும் இவள் சாவியைத் திருப்பும்போது அவன் பெயர் அல்லவா கேட்கும்? டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். நினைத்தபடியே பழைய சென்சாரைத் துணியில் சுற்றி வைத்திருந்தான், யோக்கியன். என்ஜின் ஆறும்வரை எனக்குப் பொறுமை இல்லை. விரல் வெந்தது. புதியதைக் கழற்றிப் பழையதை முடுக்கி, ஸ்டார்ட் செய்தேன். சற்று நேரத்தில் எங்கள் வண்டி பழையபடி உதறத் தொடங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

சத்தம் கேட்டு இர்மி வாசலுக்கு வந்தாள். "திரும்பவும் என்னாச்சு?"

"மரநாய்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். மினுங்கும் சென்சார் அதில்தான் இருந்தது.

"மரநாய்க்குப் பல்லு மட்டும்தான் இருக்கு, ஸ்பானர் இல்ல" என்றாள். சென்சாரை என் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, வண்டியில் ஏறி அமர்ந்து கதவைச் சாத்தினாள்.

எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் ரொட்டிக்கடை. வலப்பக்கம் வெண்டெலின். பாதி கூட்டிய தெருவில் வண்டி உதறிக்கொண்டே போய் வலப்பக்கம் திரும்பியது.