வெள்ளியா, செம்பா

"மாத்தியாச்சா?" என்று கேட்டார் நஸ்மி, கண்ணைத் திறக்காமல்.

பாட்டுப்பெட்டி இருந்த அலமாரிக்குப் பின்னால் குனிந்திருந்த விதாத் ஒரு கேபிளைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இதே வேலை. ஒன்று வெள்ளிக் கம்பி, மற்றது பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி. இரண்டையும் நஸ்மியே முறுக்கி, உறை போட்டு, பற்றவைத்திருந்தார். பாட்டுக்கு எது உசத்தி என்று முடிவு செய்யாமல் சாகமாட்டேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்து படுத்திருந்தார். டாக்டர் வைத்த கெடுவும் முடிந்துபோயிருந்தது.

அவள் செருகி முடிப்பதற்குள் மின்விசிறி நின்றது. பெய்ரூட்டில் பட்டப்பகலில் கரண்ட் போவதெல்லாம் ஒரு சங்கதியா? கட்டிலருகே மருந்தையும் பஞ்சையும் அடுக்கிக்கொண்டிருந்த மகள் ஹியாம் சொல்ல வாயெடுத்தாள்.

"ஆங், இதுதான்," என்றார் நஸ்மி. முகமெல்லாம் சிரிப்பு. "வெள்ளிதான். பாடறவ மூச்சு இழுக்கிறதுகூட கேக்குது. உங்கம்மாகிட்ட சொல்லி என்ன புண்ணியம், கழுதைக் காது."

விருந்தாளிகள் முன்னால் எத்தனை தடவை அந்தக் கழுதைக் காது! விதாத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து ஹியாம் பயந்துபோனாள்.

"யம்மா, வேணாம். விட்டுடு."

விதாத் அவர் காதருகே குனிந்தாள். "கரண்ட் போயிடுச்சு நஸ்மி. பாட்டே ஓடல. நீ கேட்டது ஒண்ணுமே இல்ல."

அவர் நம்பவில்லை. மகளைப் பார்த்தார். "ஓடிச்சுல்ல, ஹியாம்?"

ஒரு பொய் போதும். அது ஹியாமின் நாக்கு வரை வந்தது. பெண் பார்க்க வந்தவன் இரண்டு கம்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதற்கு, செவிடனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று கதவைச் சாத்திய மனுஷன் இவர். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

"இல்ல யாபா. ஓடல."

நஸ்மி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருவரும் அவரை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் விதாத்துக்கே மனசு கேட்கவில்லை. பருப்பு சூப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சும்மா சொன்னேன்யா. வெள்ளிதான் நல்லா இருந்துச்சு. எனக்கே கேட்டுச்சு," என்று எவ்வளவோ கெஞ்சினாள். பாவி மனுஷன் திரும்பவே இல்லை. விடியும்போது போய்விட்டார்.

உடலைக் குளிப்பாட்ட வந்த ஷேக் அறைக் கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார். "பஞ்சை ஏம்மா முன்னாடியே வச்சீங்க? குளிப்பாட்டின அப்புறம்தான வைக்கணும்."

"என்ன பஞ்சு? நாங்க ஒண்ணும் வைக்கலையே," என்றாள் ஹியாம்.

"ரெண்டு காதுலயும். நல்லா உள்ள வரைக்கும் அமுக்கி வச்சிருக்கு."

துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக விதாத் காபிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து வைத்த குவளையை எடுத்து மறுபடியும் துடைத்தாள்.