பல் டாக்டரைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் வழிகள்

1

கடலைக் கடக்கத் துணிந்தவன் முதலில் தன்னையே கடந்தாக வேண்டும்.

இந்த வரியை எழுத மூன்று நாளாயிற்று. நான்காம் நாள் படித்துப் பார்த்தேன். கடலை எடுத்துவிட்டுச் சாலை என்று போட்டாலும் அது அசையாமல் நின்றது. உண்மை என்னவென்றால், இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டரின் நாற்காலியில். என் வாய் பிளந்திருந்தது, இரண்டு கன்னத்திலும் பஞ்சு. அவர் பாய்மரப் படகு வாங்கப் போவதாகச் சொன்னார். அடுப்பும் படுக்கையும் உள்ளது, மாதக்கணக்கில் கடலில் சுற்றலாமாம். மறுத்துப் பேச எனக்கு வசதிப்படவில்லை.*

* எல்லா வாசகர்களையும் இப்படி உட்காரவைக்க முடிந்தால் நான் இன்னும் பெரிய எழுத்தாளன்.

2

"அவர் ரத்தத்திலேயே கடல் இருந்தது." (அடித்துவிட்டேன். அவர் ரத்தத்தில் சர்க்கரைதான் இருந்தது.)

"பழைய படகைக் கண்டதும் அவர் கண்கள்" (கண்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் இரண்டு படகுகள் விற்பனைக்கு நின்றன. ஒன்றுக்கு நாற்பது வயது, கயிறும் கப்பியும் கைவேலையுமாக ஓடுவது. மற்றொன்றுக்கு மூன்று வயது, பட்டனில் ஓடுவது. டாக்டருக்குப் பழசின் மேல்தான் கண். படகு முடிவாவதற்கு முன்பே கேப்டன் தொப்பியும் வெள்ளைக் கால்சட்டையும் வாங்கியிருந்தார். கால்சட்டை ஒரு சுற்றுப் பெரிது. கேப்டன்கள் தளர்வாகத்தான் உடுத்துவார்களாம்.

பழசின் அடிப்பாகத்தைப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் பார்த்தார். அதன் பிடியால் பலகையை டொக் டொக்கென்று தட்டினார். தொழில் பழக்கம் விடுமா? "வலிக்குதா?" என்று கேட்டும் விட்டார். படகின் சொந்தக்காரர் கொஞ்சம் யோசித்து, "மழைக்காலத்துல மட்டும்," என்றார்.

3

டாக்டர் தனியாகக் கடலுக்குப் போக மாட்டார். கடைக்கே போக மாட்டார். அவருடைய அக்கா வந்தால்தான் பயணம். இல்லையென்றால் தொப்பியோடு கதை முடிந்தது.

இந்த அக்காவை நான் முதலில் நம்பவில்லை. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் என்றால், கதைக்காகச் சேர்த்தது போல இருக்கிறதே என்று டீச்சராக மாற்றிப் பார்த்தேன். டீச்சர் அக்கா ஒரு வாக்கியம்கூடப் பேச மறுத்தாள். பழைய வேலையையே திருப்பிக் கொடுத்தேன். உடனே வாயைத் திறந்தாள்.

"பழசுக்கு ஒரு ஆன்மா இருக்குக்கா."

"ஆடுற பல்லுக்கும்தான் ஆன்மா இருக்கு. நீ பிடுங்காமயா விடுற?"

"அப்ப புதுசே வாங்கிடலாமா?"

"டேய், பழசு புதுசு அப்புறம். நடுக்கடல்ல நீ தவறி விழுந்தா நான் ஒருத்திதான் மேல இருப்பேன். எந்தப் படகுலேர்ந்து உன்னை என்னால தூக்க முடியும்? அதைச் சொல்லு முதல்ல."

"நான் ஏன்க்கா விழப்போறேன்?"

"லிஃப்ட்ல மாட்டினவங்க எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. முப்பது வருஷத்துல ஒருத்தரையும் நான் உள்ள விட்டுட்டு வந்ததில்ல. உன்னை விட்டுட்டு வந்து யார்கிட்ட போய் என்ன சொல்லுவேன்?"

(இந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியதாக எழுதியிருந்தேன். அப்படி ஒன்றும் இறங்கவில்லை.)

4

மறுநாள் காலை, மிதவை உடுப்பு மாட்டி, டாக்டரைத் துறைமுகத் தண்ணீரில் இறக்கினாள். தொப்பியைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை.

முதலில் புதுசு. வெள்ளைச் செருப்புப் போட்ட விற்பனையாளர், "ஒரே பட்டன்தான் மேடம்," என்றார். பின்பக்கம் திறந்து படிக்கட்டு இறங்கியது. டாக்டர் ராஜா மாதிரி ஏறி வந்தார். நாற்பது வினாடி.

"சரி. திரும்ப இறங்குடா. நீங்க மெயின் சுவிட்சை அணைங்க."

"எதுக்கு மேடம்?"

"கரண்ட் இருக்கும்போது யாரும் மாட்டறதில்ல தம்பி."

படிக்கட்டு அசையவில்லை. கையால் சுற்றித் திறக்க ஒரு கைப்பிடி உண்டு என்று விற்பனையாளர் சத்தியம் செய்தார். எங்கே என்று கையேட்டில் தேடினார். கடைசியில் ஒரு மெத்தைக்கு அடியில் அகப்பட்டது. பத்தொன்பது நிமிடம். கீழே டாக்டர் தன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்தைத் தொழில்முறையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பழசு. அதில் படிக்கட்டே இல்லை. பக்கம் சுவர் போல உயரம். அக்கா பாயின் அடியில் குறுக்காகக் கிடக்கும் கம்பைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளினாள், கப்பிகளில் கயிறு கோத்தாள், நுனியை அவர் உடுப்பில் மாட்டி இழுத்தாள். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். பதினொரு நிமிடத்தில் டாக்டர் தண்ணீருக்கு மேலே ஊசலாடினார்.

"வரேன்டா," என்றாள் அக்கா, கயிற்றை விடாமல். "உன்கூடக் கடலுக்கு வரேன்."

"எந்தப் படகுலக்கா?"

"முதல்ல நீ கீழ இறங்கு."

5

இனி முடிவு.

(அ) பழசை வாங்கினார்கள். எப்போதும் பதினொரு நிமிடம், ஏமாற்று இல்லை. ஆனால் அக்காவுக்கு அறுபத்தொன்று. ஐந்து வருடம் கழித்து அந்தத் தோள்

(ஆ) புதுசை வாங்கினார்கள். கைப்பிடி இருக்கும் இடம் இப்போது தெரியும். பத்தொன்பது நிமிடம் இரண்டாகிவிடும், அந்த மெத்தையின் மேல் டாக்டர் தன் பெட்டியை வைக்காதவரை. அவர் நிச்சயம்

இரண்டையும் முடிக்கவில்லை. போகிறார்கள், அது உறுதி. எனக்கு அது போதும். படகை நீங்கள் தேர்ந்துகொள்ளுங்கள். உங்களை யார் தூக்குவார்கள் என்பதையும் அப்படியே யோசித்து வையுங்கள்.

டாக்டர் இதைப் படித்துவிட்டு, "ஊசலாடற இடத்தை மட்டும் எடுத்துடுங்க சார்," என்றார். தன்னடக்கம் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். திரும்பும்போது அவருடைய கட்டட லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் காரணம் கேட்டேன்.

தூக்கியபோது தொப்பி தலையிலேயே இருந்தது. கால்சட்டை தண்ணீரிலேயே இருந்தது.