ஜீப் எவ்வளவு ஆழம் தாங்கும்?

சீட் கவர் தைக்கிற அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி கேட்பாள். சும்மா கேட்டுவிட்டுப் போகிற ஆளா? பதில் வரும்வரை விடமாட்டாள். பக்கத்து ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், "பொண்ணு பாக்கப் போனப்பவே இத யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். பதில் தெரியாத கேள்வி வந்துவிட்டால் அவருக்கும் சோறு இறங்காது என்பது வேறு விஷயம்.

மழை விட்ட அன்று காலை தங்கை போன் செய்தாள். அவளுடைய மீன் குஞ்சுப் பண்ணை தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்.

"அக்கா, கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டருக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. காத்து மோட்டார் ஓடல. குஞ்செல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுங்க. பக்கெட்டால மோந்து மோந்து ஊத்திட்டிருக்கேன், கை ஓஞ்சு போச்சு."

இதற்கு முன் இரண்டு தடவை அவள் முட்டையிலிருந்து பொரிக்க வைத்த குஞ்சுகள் இரண்டு தடவையும் செத்துப்போக, "இவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று சொந்தமே சிரித்தது. "இதுவும் போச்சுன்னா மூட்டை கட்டிடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தங்கை அழவில்லை. அக்கா தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து ஷெட்டுக்கு ஓடினாள்.

"ஊரெல்லாம் வெள்ளம், மீனுக்கு மூச்சு முட்டுதா? இதென்னங்க கூத்து?"

"அதுக்குத் தண்ணி பத்தாது, தண்ணிக்குள்ள காத்து வேணும்" என்றார் மெக்கானிக். அதற்குள் வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை ஷெட்டிலிருந்து உருட்ட ஆரம்பித்திருந்தார்.

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் அவர்களுடையது. எஞ்சின் மூச்சு வாங்குகிற குழாயைக் கூரை வரை நீட்டி மாட்டியிருந்தார் மெக்கானிக். அக்கா தன் பங்குக்குப் புது சீட் தைத்து, நான்கு கதவுக்கும் புது ரப்பர் ஒட்டியிருந்தாள். ஒட்டினாள் என்றால் அப்படி இப்படி அல்ல. ஹோஸ் பைப்பை வைத்து வெளியிலிருந்து பீய்ச்சி, உள்ளே உட்கார்ந்து துணியால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு? ம்ஹூம். அன்றைக்கெல்லாம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தரைப்பாலத்தில் தண்ணீர் வேகமில்லாமல் தேங்கி நின்றது. லேசாக ஒரு பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, துடைப்பக் கழியால் தரையைத் தட்டித் தட்டி நடுப்பாலம் வரை போய்த் திரும்பினாள் அக்கா. கழியின் ஈரத்தை ஜீப்போடு வைத்துப் பார்த்தாள். டயர் முழுகி, கதவிலும் ஒரு சாண் ஏறியது.

"கம்பெனிக்காரன் சக்கரத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதானே சொன்னான்?"

"அது எஞ்சினுக்கு மூக்கு கீழ இருந்த காலம். இப்பத்தான் மேல ஏத்தியாச்சே."

"மூக்கு மேல இருக்கு, சரி. அப்ப எவ்வளவு ஆழம் வரைக்கும் போகலாம்? கூரை வரைக்குமா? எது வந்து தடுக்கும்?"

மெக்கானிக் ஜீப் கதவைத் திறந்துவிட்டார். "ஏறும்மா தாயே, நேரமாகுது."

எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் விசிறி தண்ணீரை வாரி அடிக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, லோ கியரில் மெதுவாக இறக்கினார். அக்கா பின் சீட்டில் சிலிண்டரைக் கட்டிப்பிடித்திருந்தாள். முன்னால் சின்ன அலை எழுந்து விலகியது. எஞ்சின் சீராக உறுமியது. கண்ணாடிக்கு வெளியே கதவோரம் தண்ணீர் தளும்புகிறது, உள்ளே கால்மிதி காய்ந்து கிடக்கிறது! அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு?"

நடுப்பாலத்தில் பின்பக்கம் லேசாகத் தூக்கிக் கொடுத்தது. மெக்கானிக் ஸ்டியரிங்கைத் திருப்பினார், ஜீப் திரும்பவில்லை. சக்கரம் சுற்றுவது கேட்கிறது, வண்டி போகிற திசையோ வேறு. வால் பக்கம் மெல்ல மெல்லப் பாலத்தின் விளிம்பை நோக்கி ஒதுங்கியது. அந்த விளிம்புக்கு அப்பால் ஆறு.

"பிடிக்கலையே! தரையப் பிடிக்கலையே!" மெக்கானிக்கின் குரல் அவருடையதாக இல்லை.

இந்த நேரத்திலும் அக்காவுக்கு வந்தது கேள்விதான். இவ்வளவு கனமான வண்டி ஏன் தூக்குகிறது? காலியான எண்ணெய் டின்னை மூடிபோட்டுத் தொட்டியில் விட்டால் மிதக்குமே, அப்படியா? மூடி போட்டது யார்?

நாலு கதவுக்கும் ரப்பர் ஒட்டின நான்தான், பாவி!

"கதவத் திறங்க!"

"பைத்தியமா உனக்கு? உள்ள வந்துடும்!"

"வரட்டும்! உள்ள வந்தாத்தான் கனம் வரும், கனம் வந்தாத்தான் உக்காரும்! ஆக்சிலேட்டர்ல இருந்து மட்டும் கால எடுத்துடாதீங்க!"

அவர் என்ன சொன்னாரோ, அவள் காதில் விழவில்லை. முதுகைச் சிலிண்டரில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலாலும் பின் கதவை உதைத்தாள். முதல் உதைக்குக் கதவு அசையவில்லை. இரண்டாவதற்கு ரப்பர் பிதுங்கியது. மூன்றாவதில் சேற்றுத் தண்ணீர் மொத்தமாக உள்ளே பாய்ந்து, புது சீட்டுகளை நனைத்து, அவள் மடிக்கு ஏறியது. தப்பாகச் செய்துவிட்டோமோ?

தொப்பென்று பின்பக்கம் அமர்ந்தது. நான்கு சக்கரமும் தரையைக் கவ்வின. ஜீப் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு முன்னே நகர்ந்தது.

அக்கரை ஏறியதும் மெக்கானிக் கதவுகளைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார். பிறகு நேராகப் பண்ணை வாசல்வரை ஓட்டினார்.

தங்கை இன்னும் பக்கெட்டோடு தொட்டிக்குள் நின்றிருந்தாள். மூவருமாகச் சிலிண்டரை இறக்கி, குழாயை மாட்டி, முனையைத் தொட்டியில் போட்டார்கள். மெக்கானிக் வால்வை ஒரு மயிரிழை திறந்தார். குமிழி கிளம்பியது.

நீர்மட்டம் முழுக்கக் கடுகு கடுகாக வாய் பிளந்து நின்றன குஞ்சுகள். மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலை காலியானது. பிறகு இன்னொரு மூலை. குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலிருந்து மறைந்து கீழே கீழே போயின. கடைசியில் மேலே எதுவுமே இல்லை.

அக்கா இன்னும் எட்டிக் குனிந்து தேடினாள். "ஐயோ, எல்லாம் முழுகிப் போச்சேடி! வந்தும் பிரயோஜனமில்லாமப் போச்சே!"

தங்கை பக்கெட்டைக் கீழே போட்டாள். காலையிலிருந்து அழாதவள், அக்காவின் ஈரத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள்.

"முழுகலக்கா. மூச்சுக் கெடைச்சாத்தான் அதுங்க கீழ போகும்."