ஆளுக்கொரு பத்தியம்

ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போவதற்கு முந்தின வாரம் ராஜபாய் தன் மகள் சொர்ணத்துக்கு மீன் கழுவக் கற்றுக்கொடுத்தாள். சொர்ணத்துக்குப் பத்து வயது. செதிளை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்ட வேண்டும், பித்தப்பை உடையக்கூடாது.

"எனக்கு நாறுதும்மா. நீங்களே கழுவுங்க."

"படிச்சு வச்சுக்க பிள்ளே" என்றாள் ராஜபாய். எதற்கென்று சொல்லவில்லை.

அவளுக்கு வாயில் புற்றுநோய். இடது கன்னத்தின் உட்புறம், பதினைந்து வருடமாகப் படுக்கும்போது வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கிய இடத்தில் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஏழு ரேடியம் ஊசிகளை அங்கே தைத்து, ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். ஊசிகளின் நூல் வாய்க்கு வெளியே வந்து கன்னத்தில் ஒட்டியிருக்கும். நர்ஸ் லீலாபாய் ஊசி ஒன்றும் தவறவில்லையே என்று காலையும் மாலையும் நூல்களை எண்ணிவிட்டுப் போவாள்.

அது முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. புண் ஆறியது. உடம்புதான் தேறவில்லை. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. வயிற்றுக்குள் எப்போதும் ஏதோ கிள்ளிக்கொண்டே இருந்தது. நோய் வாயை விட்டு வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்று அவள் ஊரான சிதறாலில் பேசிக்கொண்டார்கள். ராஜபாயும் அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது லீலாபாய் நாலே காரியத்தைத்தான் கூடாது என்றிருந்தாள். வெற்றிலை, புகையிலை, மிளகாய், கொதிக்கக் கொதிக்க எதுவும். ராஜபாய் அப்போது வீங்கிய முகத்துடன் வண்டியில் படுத்திருந்தாள். கேட்டுக்கொண்டது அவள் கணவன் தங்கையன். பிறகு அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கருப்பட்டியும் ஜெபமுமாக வந்தவர்கள், போகும்போது ஆளுக்கொரு சாப்பாட்டைக் கொண்டுபோனார்கள். மீன் கூடாது என்றார் ஒருவர். முட்டை கூடாது என்றார் இன்னொருவர். தங்கையன் ஒன்றையும் மறக்கவில்லை. அவளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று அத்தனையையும் கண்ணும் கருத்துமாக நடத்தினான்.

மறு வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உறை போட்ட விரலை அவள் கன்னத்துக்குள் விட்டு மெல்லத் தடவினார். தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். ராஜபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்லா ஆறியிருக்கு. கட்டி ஒண்ணும் இல்ல."

"பின்ன நான் ஏன் இப்பிடி உருகிப்போறேன், டாக்டரே?"

அவர் எடைச் சீட்டைப் பார்த்தார். பதினெட்டு ராத்தல் குறைந்திருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கியதை அவள் பார்த்துவிட்டாள். லீலாபாயைக் கூப்பிட்டு, "இவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு கேளுங்க. பிறகு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாப்போம்" என்றார்.

லீலாபாய் நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை.

"நேத்து காலம்பற என்ன தின்ன?"

"கஞ்சி."

"கஞ்சியா, வெறும் தெளிவுத் தண்ணியா?"

"தெளிவுதான். பருக்கை புண்ணைக் குத்துமாம்."

"மத்தியானம்?"

"அதுதான்."

"தொட்டுக்க?"

"வறுத்த உப்பு."

"ராத்திரி?"

ராஜபாய் தங்கையனைப் பார்த்தாள்.

"ராத்திரி ஒண்ணும் கொடுக்கப்பிடாதுன்னு சொன்னாவ, சிஸ்டரம்மா" என்றான் அவன்.

"யாரு?"

"தாணுலிங்கம் வைத்தியருக்க மச்சான்."

"அவரும் வைத்தியரா?"

"மாட்டுக்குப் பாப்பாரு."

லீலாபாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "முட்டை?"

"சூடு. நேசம்மாள் மைனி சொன்னா" என்றான் தங்கையன்.

"மீன்?"

"கரப்பன். புண்ணைக் கிளறும்."

"மட்டி வாழைப்பழம்?"

"சளி. உபதேசியார் சொன்னாரு."

"பால்?"

"சீழ் கட்டும்."

"உங்க வீட்டுல மாடு இருக்கா, அண்ணாச்சி?"

"ஒண்ணு நிக்கி."

"அதுக்கு என்ன போடுதீங்க?"

"தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. புல்லு வேற."

"மாடு எப்பிடி இருக்கு?"

"நல்லா கொழுத்து..." தங்கையன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "பால் பூரா சாயாக்கடைக்குப் போவுது" என்று பிறகு மெதுவாகச் சொன்னான்.



"சிஸ்டரம்மா, அப்ப எனக்க வயித்துக்குள்ள கிள்ளுதது?" என்றாள் ராஜபாய்.

"பசி."

"பசியா?"

"வெறும் பசி. நோயி போயாச்சு. மருந்து மாதிரி தின்னவேண்டிய நேரத்துல உன்னைப் பட்டினி போட்டிருக்காவ."

ராஜபாய்க்குச் சிரிப்பு வந்தது. வாய் முழுசாகத் திறக்கவில்லை, கன்னம் இழுத்து வலித்தது. அதோடு கண்ணீரும் வந்தது. தங்கையன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அழுகையெல்லாம் வீட்டுல போயி. இப்ப கேளும்" என்றாள் லீலாபாய். முட்டையை அடித்து ஆறின பாலில் கலக்க வேண்டும். மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு குழைக்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கைத் தேங்காய்ப்பாலில் மசிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சாப்பிட்டதும் உப்புத்தண்ணீரால் வாய் கொப்பளித்து, கண்ணாடியில் கன்னத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ தடிப்பாகவோ கண்டால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு தடவை வர வேண்டும்.

"சொல்லும் பாப்போம், அண்ணாச்சி."

"வெத்திலை கூடாது, போயிலை கூடாது..."

"அது உமக்கு நல்லாத் தெரியும். குடுக்கவேண்டியதைச் சொல்லும்."

மூன்றாவது தடவைதான் தப்பில்லாமல் சொன்னான்.

டாக்டர் வந்து கேட்டுவிட்டு, படம் இப்போது வேண்டாம், ஒரு மாதம் சாப்பிட்டு எடை ஏறுகிறதா என்று பார்ப்போம் என்றார். லீலாபாய் சமையல்கட்டிலிருந்து ஒரு தம்ளர் முட்டைப்பால் கொண்டுவந்தாள். ராஜபாய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மிடறு மிடறாகக் குடித்தாள். ஒரு பக்கமாக ஒழுகியதைப் புறங்கையால் துடைத்து, அதையும் நக்கினாள்.

வாசலில் மார்த்தாண்டம் பஸ் வந்து ஒலி எழுப்பியது.

"ஏட்டி, எந்திரி, வண்டி போயிரும்" என்றான் தங்கையன்.

"போகட்டும்" என்றாள் அவள், காலித் தம்ளரை அவனிடம் நீட்டி. "இன்னும் ஒண்ணு உண்டுமான்னு கேட்டுட்டு வாங்க."