மூன்றாவது சாவி

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் இருபது மாடி, முப்பது மாடி என்று ஏற்றி இறக்குகிற நான், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் பதினோரு வருஷம் குடியிருந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் கம்பெனியில் கிடையாது. அந்த வீட்டைக் காலி செய்வதாக நோட்டீஸ் எழுதிக் கொடுத்தபோது, 'மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை' என்று காரணம் எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணம் ஒரு சாவி. அதைச் சொல்ல வேண்டுமானால் என் மகனிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் குடிவந்தபோது வீட்டுக்காரர் எங்களுக்கு இரண்டு சாவி கொடுத்தார். பையன் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும், அவனுக்கென்று தெருமுனைச் சாவிக்காரனிடம் ஒரு டூப்ளிகேட் போட்டு வாங்கினேன். வீட்டுக்காரர் எதையும் எழுத்தில் வைக்கிற மனுஷர். ஒப்பந்தத்தின் ஓரத்தில் 'குடியிருப்பவரிடம் சாவி மூன்று' என்று திருத்தி, தேதி போட்டு, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்த மூன்றாவது சாவியில் ஒரு பல்லைச் சரியாக ராவாமல் விட்டுவிட்டான் சாவிக்காரன். நுழைத்துத் திருகினால் பாதியில் சிக்கும். அரைச் சுற்று பின்னால் வந்து, சாவியை ஒரு மயிரிழை வெளியே இழுத்து, மறுபடி திருக வேண்டும். 'கிரக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, பிறகு 'கடக்'. அரம் என் பையிலேயே இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை, கொடுடா என்றேன். பழகிவிட்டது, இருக்கட்டும் என்றான். என் மனைவிக்கும் பழகிவிட்டது. சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல், அந்தச் சத்தத்தை வைத்தே அவன் தட்டை எடுத்து வைப்பாள்.

படிப்பு முடிந்து ஒரு வருஷம் சும்மா இருந்தான். மேனேஜர் கையைக் காலைப் பிடித்து எங்கள் கம்பெனியிலேயே அவனுக்கு ஒரு வேலை வாங்கினேன். ஒன்பதாம் நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கடைசியாகப் பேசியது மட்டும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"என் வீட்ல இருக்கணும்னா நான் சொல்றபடி இரு. இல்லையா, சாவிய வச்சிட்டுக் கிளம்பு."

வாடகை வீட்டின் நடுவில் நின்றுகொண்டு 'என் வீடு' என்று சொன்ன பெரிய மனுஷன் நான். மறுநாள் விடிந்து பார்த்தபோது அவன் இல்லை. துணிப்பையும் இல்லை. கதவருகில் அவன் சாவி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. அதைத்தான் என் மனைவி முதலில் பார்த்தாள்.

"கோவத்துல போனாலும் சாவிய எடுத்துட்டுத்தான் போயிருக்கான், பாத்தீங்களா? சாயந்தரம் வந்துருவான்," என்றாள்.

நான் அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஷூவில் காலை விட்டேன். பெருவிரலில் என்னவோ குத்தியது. கையை விட்டு எடுத்துப் பார்த்தால் சாவி. நான் சொன்னபடியே வைத்துவிட்டுப் போயிருந்தான், என் கண்ணில் மட்டும் படுகிற இடமாகப் பார்த்து.

அந்த நிமிஷமே அவளிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. சாயந்தரம் அவன் வந்தால் அவன் கையிலேயே கொடுத்துவிடலாம், இவள் ஏன் பகல் முழுக்க அழ வேண்டும் என்று நினைத்துக் கருவிப்பையின் உள்ளறையில் போட்டேன். அந்தச் சாயந்தரம் நாலு வருஷமாக வரவில்லை. அவன் நண்பன் ஒருவன் மூலமாக ஒரே ஒரு தகவல் வந்தது: நன்றாக இருக்கிறான், தேட வேண்டாம் என்றான். அதன்பிறகு அந்த நண்பனும் எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை.

ஆனால் அவள் நம்பிக்கையை விடவில்லை. சாவி அவனிடம் இருக்கிறதே. சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை. வெளியூரில் இரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும், அந்த நேரம் பார்த்து அவன் வந்துவிட்டால்? கதவுக்குப் பெயின்ட் அடித்தபோதும் பூட்டைத் தொடக் கூடாது என்று பெயின்டரோடு சண்டை. நானோ தினமும் அந்தச் சாவியைத் தோளில் சுமந்துகொண்டு, அதே கதவு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தேன். எறிந்துவிடவும் மனசு வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் முகம் ஒருதரம் மலர்ந்து, நான்தான் என்று தெரிந்ததும் இறங்கும். நாலு வருஷம் ஒரு மனுஷன் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேறு வீட்டுக்குப் போய்விட்டால் காத்திருப்பதை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். நோட்டீஸைக் கொடுத்த பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். அதற்குள் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். வீட்டுக்காரர் அதிலும் சுத்தம். 'வணக்கம். நாளை மாலை ஐந்து மணிக்கு வீடு பார்க்க இருவர் வர விரும்புகிறார்கள். தங்களுக்குச் சௌகரியப்படுமா?' என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதி அனுப்புவார். முதல் தடவை வந்தவர்களிடம் என் மனைவி, மழை பெய்தால் சுவரெல்லாம் ஊறும் என்றாள். பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டு ஊறியதில்லை. இரண்டாவது தடவை வந்தவர்கள் எல்லா இடமும் பார்த்துவிட்டுப் பையன் அறைப் பக்கம் போனபோது, கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். உள்ளே ஆள் தூங்குகிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்றாள். வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் என்ன சார் செய்யட்டும் என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் கூசியது.

அதனால் மூன்றாவது தகவல் வந்தபோது அவளிடம் சொல்லவில்லை. புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வாருங்கள், வீட்டில் யாரும் இருக்க மாட்டோம், உங்கள் சாவியால் திறந்து காட்டிவிடுங்கள் என்று பதில் போட்டேன். அவள் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கிறாள். நாலு மணிக்குத்தான் வருவாள். ஆனால் அந்தப் புதன்கிழமை கடையில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரையும் இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் ஆறு மணிக்கு வந்தபோது வீட்டுக்காரர் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். வீடு பார்க்க வந்தது ஓர் இளம் ஜோடி. அந்தப் பையன் ஷூவை வாசலிலேயே கழற்றி வைத்திருக்கிறான். வெளிக்கதவு திறந்து கிடந்திருக்கிறது. மூன்று பேரும் என் மகன் அறையில் கட்டில் போட இடம் இருக்குமா என்று அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள். காட்டுவதற்காக மின்விசிறியைப் போட்டிருக்கிறார் இவர். என் மனைவி மாடியேறி வந்து பார்த்தது இவ்வளவுதான்: வாசலில் ஓர் இளைஞனின் ஷூ, திறந்த கதவு, பையன் அறையில் சுற்றும் விசிறி.

அவள் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லையாம். நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாளாம். விழுந்தடித்து ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் அவன் மிரண்டுவிடுவான் என்று நினைத்திருக்கிறாள். அங்கிருந்தபடியே, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறாள்.

"வந்துட்டியா கண்ணு. நல்லதாப் போச்சு, இன்னைக்கு நான் சீக்கிரம் வந்தது. படுத்துக்கோ. சோறு சூடு பண்றேன். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் சொல்ல விட மாட்டேன்."

"எப்படி சார் வெளிய வர்றது?" என்றார் வீட்டுக்காரர். "டேப்பக் கையில பிடிச்சிட்டு மூணு பேரும் அப்படியே நின்னோம். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. கடைசியில நான்தான் போய், அம்மா, நான்மா, வீடு காட்ட வந்தேன்னு சொன்னேன். உங்களுக்கு யாரும் சொல்லலியான்னு கேட்டேன். அடுப்ப அணைச்சாங்க. அப்புறம், அவர் சொன்னார், நான்தான் மறந்துட்டேன்னு சொன்னாங்க."

அதுதான் என்னைக் கொன்றது. மூன்று மாடியும் ஏறி உள்ளே போனேன். சூடு பண்ணிய சோறு தட்டோடு மூடியிருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன். சாவியைப் பற்றிக்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தச் சோற்றை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் தின்றேன்.

அந்த ஜோடியே வீட்டை எடுத்துக்கொண்டது. கடைசி நாள் சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். குழாய், ஜன்னல், விசிறி, சாவி. என்னுடையதும் அவளுடையதுமாக இரண்டு சாவியை நீட்டினேன். மூன்று என்று எழுதியிருக்கிறதே என்றார்.

"மூணாவது எங்க பையன்கிட்ட இருக்கு," என்றாள் அவள்.

அப்படியானால் பூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும், மூன்றும் இருந்தால் மாற்ற வேண்டியதே இல்லை என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என் பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டால் விரலில் தட்டுப்படும் தூரத்தில் சாவி. எடுத்து நீட்டியிருந்தால் அவள் நாலு வருஷமாகக் காவல் காத்த பூட்டு அந்தக் கதவிலேயே இருந்திருக்கும். எதற்காகக் காத்தாளோ அது போயிருக்கும்.

"மாத்திடுங்க சார்," என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வீட்டுக்காரரிடம், மாற்றுவதாக இருந்தால் பழைய பூட்டை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தச்சரை அப்போதே வரவழைத்து, பூட்டைக் கழற்றி, நாங்கள் கொடுத்த இரண்டு சாவியோடு தன்னிடம் இருந்த சாவியையும் சேர்த்து ஒரு துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். புது வீட்டில் அவள் செய்த முதல் வேலை, கதவில் அந்தப் பூட்டைப் பொருத்தவைத்ததுதான். அடுப்புகூடப் பிறகுதான்.

"விலாசம் பழைய வீட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். அங்க வந்து கேட்டா சொல்லும்," என்றாள். "இங்க வந்தா அவன் சாவியே போதும்."

என் கணக்கு மண்ணாகப் போனது. கதவு மாறியது, தெரு மாறியது, அவள் முகம் மலர்ந்து இறங்குவது மட்டும் மாறவில்லை.

போன வாரம், ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் மெஷின் ரூமில் என் சாவிக்கொத்தை மறந்து வைத்துவிட்டு வந்தேன். மதியம் மூன்று மணி. தட்டினேன், பதில் இல்லை. தங்கச்சி வீட்டுக்குப் போவதாகக் காலையில் சொல்லியிருந்தாள். பூட்டு இங்கே வந்த பிறகு அந்த அளவுக்கு வெளியே போக ஆரம்பித்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பைக்குள் கை தானாகப் போனது. யாரும் இல்லாத வீடுதானே என்று அந்தச் சாவியை நுழைத்தேன். பாதியில் சிக்கியது. அரைச் சுற்று பின்னால் வந்து, மயிரிழை இழுத்து, மறுபடி திருகினேன்.

கொல்லைப் பக்கம் வாளி கவிழ்கிற சத்தம் கேட்டது. அவள் போகவில்லை, துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். முழங்கால் வலிக்காரி ஓடி வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. "கண்ணு" என்று பாதி சொன்னவள், என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

சாவியின் ராவாத பல்லை நுரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்பக் கெடச்சுது?"

"அவன் போன அன்னைக்கே. என் ஷூவுக்குள்ள வச்சிருந்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். அவள் நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெளிய போங்க," என்றாள்.

நியாயம்தான் என்று வெளியே போனேன். கதவைச் சாத்தினேன்; சாத்தினாலே பூட்டிக்கொள்கிற பூட்டு அது. இரண்டு படி இறங்கியிருப்பேன், உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"அந்தச் சாவியாலயே இன்னொரு தடவ தொறங்க. மெதுவா."

நான் திரும்பி வந்து சாவியை நுழைத்தேன். உள்ளே, தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.