நிஸ்கனென் வகையறா

என் மகன் சசிதரன் பின்லாந்துக்குப் போனது தக்காளி பறிக்க. பெரியகுளம் தாலுகாவில் தக்காளியே விளையாதது போல, கண்ணாடிக் கூடாரத்துக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிற தக்காளியைப் பறிக்க அவ்வளவு தூரம் போனான். முதல் சில மாதங்கள் ஞாயிறு தவறாமல் பேசினான். கார்த்திகையில் ஒரு நாள் செல்போனில் ஒரு குரல் பதிவு அனுப்பினான்.

“அப்பா, என்னைய வேற எடத்துக்கு மாத்திட்டாக. நிஸ்கனென்னு ஒருத்தர் பண்ணை. வடக்க ரொம்ப உள்ள தள்ளி இருக்கு. இங்கன சிக்னல் நிக்க மாட்டேங்குது. அம்மாட்ட சொல்லிருங்க.”

அதோடு சரி. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அழைத்தால் ஒரு பெண் புரியாத மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இயந்திரம் பேசுகிறது என்று தெரிந்தும், என் மனைவி ஜோதிலட்சுமி அவளிடம் “எம் மகனக் கொஞ்சம் கூப்புடும்மா” என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அனுப்பிவைத்த ஏஜெண்ட் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். தூதரகத்துக்கு எழுதினேன். முதலாளியின் முழுப் பெயரும் பண்ணை இருக்கும் ஊரும் வேண்டும் என்று பதில் வந்தது. என்னிடம் இருந்தது பாதிப் பெயர்.

எங்கள் ஊர் ஜெயமங்கலத்தில் மனு எழுத வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். பால் சொசைட்டியில் எழுத்தராக இருந்தவன் நான். பென்ஷன் வராதவர், பட்டா மாறாதவர், மருமகன் அடித்த மகளைப் பெற்றவர் என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடுநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை பிசகாமல் எழுதுவேன். என் மகனுக்காக எழுத உட்கார்ந்தபோது பெறுநர் என்று போட்டுவிட்டு அதற்குக் கீழே எழுத எதுவும் இல்லாமல் இருந்தேன்.

என் சித்தப்பா மகன் ராக்கையாவும் அவன் மகள் சிம்ரனும் ஒரு நாள் காலையில் வந்தார்கள். சிம்ரன் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கிறாள்.

“பெரியப்பா, நிஸ்கனென்ங்கிறது அந்த ஆளோட பேரு இல்ல. குடும்பப் பேரு. நம்மள மாதிரி அப்பா பேர முன்னால போட்டுக்க மாட்டாக. வழிவழியா ஒரே பேரு வரும்.”

“வகையறாப் பேரா?” என்றேன்.

“அப்பிடித்தான் வச்சுக்கங்களேன்.”

அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அடுப்படியில் இருந்த ஜோதி எழுந்து வந்துவிட்டாள்.

சிம்ரன் போனைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பெயரில் பிரபலமானவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பனிச்சறுக்கு வீரர்கள், ஹாக்கி ஆடுபவர், சினிமா எடுத்தவர், அரசியலில் இருப்பவர், பொருளாதாரம் படித்த ஒருவர்.

“ஏயப்பா!” என்றான் ராக்கையா. “நம்ம வகையறாவுல பேர் போன ஆளுன்னா கண்டக்டர் அம்மாவாசி ஒருத்தன்தான்.”

“அவரு எதுக்குப்பா பேர் போனாரு?”

“சில்லறை குடுக்காததுக்கு.”

ரொம்ப நாளைக்குப் பிறகு ஜோதி சிரித்தாள். சிரித்த வாயோடு, “எழுதுங்க. இவுக எல்லாருக்கும் எழுதுங்க” என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் தப்பு செய்தால் நேரே அவன் வீட்டுக்குப் போக மாட்டோம். அவன் வகையறாவில் பெரிய வீடு எதுவோ அந்த வாசலில் போய் நிற்போம். ஒரே குலசாமியைக் கும்பிடுகிற பங்காளிகள். ஒருவனுக்கு மற்றவன் பொறுப்பு. பெரிய வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால், எந்த மூலையில் இருக்கிறவனும் வந்து பதில் சொல்லியாக வேண்டும். மகனை வைத்திருக்கிற பண்ணைக்காரர் யாரென்று தெரியாவிட்டால் என்ன, அவர் வகையறாவில் இத்தனை பெரிய மனிதர்கள் இருக்கிறார்களே என்று எனக்கும் தோன்றியது.

“அங்கன அப்பிடியெல்லாம் இருக்குமான்னு தெரியல பெரியப்பா” என்று சிம்ரன் இழுத்தாள்.

“எங்கன போனாலும் வகையறான்னா வகையறாதான்டி” என்றாள் ஜோதி.

நான் தமிழில் எழுதினேன். பொருள்: தங்கள் பங்காளி ஒருவரின் பண்ணையில் இருக்கும் என் மகனைக் கண்டுபிடித்துத் தர வேண்டுதல்.

“பங்காளிக்கு இங்கிலீசுல என்ன போடுறது?” என்று சிம்ரன் தலையைச் சொறிந்தாள். “ஒரே ரத்தம்னு போட்டுக்கிறேன். பட்டியல்ல பாதிப் பேரு செத்துப் போனவுக, அவுகள விட்டுர்றேன்.”

“விட்டுருத்தா. செத்தவுக பதில் போட்டா அது வேற வில்லங்கம்” என்றான் ராக்கையா.

முகவரி கிடைத்த பெரிய மனிதர்களுக்கு அனுப்பினோம். அதோடு நிற்காமல், அதே பெயரில் கண்ணில் பட்ட பல் டாக்டர், பாட்டு வாத்தியார், பூக்கடைக்காரர் என்று தேடித் தேடி அனுப்பினாள் சிம்ரன். தை பிறந்ததும் பதில்கள் வரத் தொடங்கின. பேர் போனவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுதியவர்கள் பல் டாக்டரும் வாத்தியாரும் போன்றவர்கள்தான். எல்லோரும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். அந்தப் பண்ணைக்காரர் எனக்கு உறவு இல்லை; அவரை எனக்குத் தெரியாது; போலீசிடம் சொல்லுங்கள்.

சிம்ரன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல்ல ஜோதியின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“ஒருத்தர் கூடவா ஆமா எங்க ஆளுன்னு சொல்லல?”

“பெரியம்மா, அங்கன இந்தப் பேருல ஆயிரக்கணக்குல இருக்காக. ஒருத்தருக்கொருத்தர் தெரியவே தெரியாது.”

“ஒரே பேர வச்சுக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் தெரியாதா? அப்ப எதுக்குடி அந்தப் பேரு?”

ஜோதி என் பக்கம் திரும்பினாள். “பங்காளிய எப்பங்க இல்லேம்பாக? கெங்குவார்பட்டியில வாய்க்காத் தகராறுல வெட்டு விழுந்தப்ப என்ன சொன்னாக?”

எனக்குத் தெரியும். அப்போது நானும் அங்கே இருந்தேன். வெட்டியவனின் சொந்தச் சித்தப்பனே போலீஸ் முன்னால் நின்று, அவன் யாரோ நாங்கள் யாரோ என்றார். கையில் ரத்தம் இருக்கிற பங்காளியைத்தான் இல்லை என்பார்கள்.

“எம் புள்ளைய என்னமோ செஞ்சுட்டாக. வகையறாவே சேந்து கையக் கழுவுது” என்றாள். பிறகு அவள் தரையில் சரிந்து, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்து அழத் தொடங்கினாள். நான் வாயைப் பொத்தப் போனேன். கையைக் கடித்துவிட்டாள்.

தெருவே கூடிவிட்டது. அழுகைக்குக் காரணம் கேட்டு வந்தவர்களுக்கு நிஸ்கனென்னையும் பல் டாக்டரையும் எப்படி விளக்குவது? விளக்கி முடிப்பதற்குள் வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலமே, தங்கப்பாண்டியன் மகன் வெளிநாட்டில் செத்துப் போனான் என்று ஊருக்குள் பேச்சு.

மாசி மாதம் பிறந்ததும் பங்காளிகள் வந்தார்கள். மூத்தவர் முத்துப்பாண்டி பெரியப்பா வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தபோது வாங்கவில்லை.

“செவராத்திரி வருது. பெட்டி எடுக்கணும்” என்றார். சாமியின் உடுப்பும் நகையும் இருக்கிற பெட்டியைத்தான் சொன்னார். “தீட்டோட பெட்டியத் தொட்டா வகையறாவுக்கே ஆகாது. உம் மகன் இருக்கானா இல்லையா, நீ ஒரு வார்த்த சொல்லிரு.”

“இருக்கான்.”

“எத வச்சுச் சொல்ற?”

“இல்லேன்னு நீங்க எத வச்சுச் சொல்றீக?”

“உம் பொண்டாட்டி அழுத அழுக மேக்குமல வரைக்கும் கேட்டுச்சேப்பா.”

“அது பயத்துல அழுதது. நான் வேணும்னா எழுதிக் குடுக்குறேன் பெரியப்பா.”

“எழுத்து உன்கிட்டயே இருக்கட்டும். சாமிக்கு வாய்ச்சொல்லுதான்.”

இருக்கிறான் என்று மறுபடியும் சொன்னேன். உள்ளே ஜோதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் வார்த்தையை நம்பிப் பெட்டி எடுத்தார்கள்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் கோயில் திடலில் பங்கு பிரித்தார்கள். ஆண் தலைக்கு ஒரு பங்கு, இலையில் சோறும் கறியும். பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் நின்றால் “இருக்கேன்” என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். திருப்பூரிலோ சென்னையிலோ இருந்தால், தகப்பன் “வெளியூரு” என்று சொல்லி வாங்குவான். செத்தவன் பெயருக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அத்தோடு அந்தப் பெயர் நின்றுவிடும்.

“தங்கப்பாண்டியன்.”

“இருக்கேன்.”

“தங்கப்பாண்டியன் மகன் சசிதரன்.”

சொல்ல வேண்டிய வார்த்தை சின்ன வார்த்தை. வாசலில் இரண்டு முறை அடித்துச் சொன்னவன்தான் நான். சாமிக்கு முன்னால் வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வேன்?

“சசிதரன்” என்றார் பெரியப்பா இரண்டாம் முறை. திடல் முழுக்க என்னைப் பார்த்தது.

“அண்ணே, சொல்லுண்ணே” என்று ராக்கையா என் முதுகில் இடித்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜோதி எழுந்தாள். அன்றைக்கு அவளைப் பிடித்துக் கூட்டி வந்ததே சிம்ரன்தான். ஆண்களை விலக்கிக்கொண்டு வந்து சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் நின்றாள்.

“வெளியூரு” என்றாள்.

“ஆத்தா, தகப்பந்தான் சொல்லணும். அதான் மொற.”

“பெத்தவ நான் சொல்றேன். வெளியூரு. பங்க வைங்க.”

பெரியப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஒரு இலையை எடுத்துச் சோற்றைப் போட்டார். அவள் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது குழம்பு அவள் சேலையில் ஊறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அவன் இருக்கான்னு இப்ப நம்புறியா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாதுங்க. நீங்க வாயத் தெறக்காம நின்னீக. நானும் தெறக்கலேன்னா அவன் அந்தத் திடல்லயே செத்துருப்பான்.”

கொஞ்ச தூரம் போனதும், எதிரே உட்கார்ந்திருந்த சிம்ரனின் முழங்காலைத் தட்டினாள்.

“பேர் போனவுகளுக்கு எழுதுனது போதும்டி. நாம இன்னும் எழுதாத, பேரு போகாத நிஸ்கனென் எத்தன பேரு இருக்காக?”

“ஆயிரக்கணக்குல பெரியம்மா.”

“அதுல ஒருத்தன் வீட்டுலதான எம் புள்ள இருக்கான். எழுது.”